அணைத்த பிறகும் ஒளிர்ந்த விளக்கு: துணை மாட்யூல்களின் மின்சாரம் பற்றி ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில் சிறு கணினிப் போர்டுகளைப் பற்றி வெளிவரும் தொடரை முதல் வாரத்திலிருந்தே படித்து வருகிறேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு போர்டுடன் ஜிபிஎஸ், மோடம், உணரி என்று ஏதேனும் ஒரு மாட்யூலை இணைத்துத் தாமே ஒரு கருவியைச் செய்து பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு இப்படி ஒரு தொடர் தமிழில் கிடைப்பது மகிழ்ச்சிக்குரியது. சென்ற வாரக் கட்டுரையின் இறுதியில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது பற்றி வந்திருந்த இரண்டு வரிகள் மட்டும் திருத்தப்பட வேண்டியவை. தேவைப்படாத நேரத்தில் மாட்யூலை அணைத்து வைக்க, அதன் மின்வயரை 5 வோல்ட் பின்னில் செருகாமல் ஒரு ஜிபிஐஓ பின்னில் (நிரலால் ஏற்றி இறக்கக்கூடிய பொது உள்ளீட்டு-வெளியீட்டுப் பின்னில்) செருகிவிட்டு, நிரலின் மூலம் அந்தப் பின்னை ஏற்றி இறக்கினால் போதும் என்ற பொருளில் கட்டுரையாளர் எழுதியிருந்தார். இதை அப்படியே செய்து பார்ப்பவர் போர்டை இழக்கக்கூடும். இழக்காவிட்டாலும், ஏன் வேலை செய்யவில்லை என்று தெரியாமல் பல நாட்களை இழப்பார். இரண்டையும் இழந்து பார்த்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் அந்த ஜிபிஐஓ பின்னிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் எடுக்க முடியும் என்பதைப் பார்ப்போம். பலரும் பயன்படுத்தும் சிறு கணினியான ராஸ்பெர்ரி பை போர்டின் ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. 2012இல் 26 பின்களோடு வந்த முதல் போர்டிலும் சரி, 2014இலிருந்து நிலைத்துவிட்ட 40 பின் வரிசையிலும் சரி, இதில் மாற்றமில்லை. முதல் போர்டிலிருந்து நான்காம் தலைமுறை வரையிலான சிப்புகளில் ஒரு பின்னின் உந்துதிறனை 2 மில்லி ஆம்பியரிலிருந்து 16 மில்லி ஆம்பியர் வரை இரண்டிரண்டாக அமைத்துக்கொள்ளலாம். நாம் எதையும் தொடாவிட்டால் அது 8 மில்லி ஆம்பியரில் இருக்கும். எல்லாப் பின்களும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே நெடுநாளாகப் பின்பற்றப்படும் வரம்பு. இந்த 8, 16 என்ற எண்களைப் பலர் ஒரு காவல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் கேட்டால் பின் தானாகவே தடுத்துவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. உண்மையில் அந்த எண்கள், அவ்வளவு மின்னோட்டம் வரை பின்னின் மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சரியாது என்பதைத்தான் சொல்கின்றன. அதற்கு மேல் இழுத்தால் பின் தடுக்காது. மின்னழுத்தம் சரியும், சிப் சூடேறும், ஒரு நாள் அந்தப் பின் செத்துப்போகும்.

மாட்யூல்கள் கேட்பதோ வேறு அளவு. பரவலாகப் பயன்படும் ஒரு ஜிபிஎஸ் மாட்யூல் செயற்கைக்கோள்களைத் தேடும்போது 40, 50 மில்லி ஆம்பியர் எடுக்கும். 2ஜி மோடம் மாட்யூல் 4.6 மில்லி விநாடிக்கு ஒரு முறை, ஏறத்தாழ 577 மைக்ரோ விநாடி நேரத்துக்கு, 2 ஆம்பியர் வரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த 2 ஆம்பியரை 8 மில்லி ஆம்பியர் பின்னிடம் கேட்பது தண்ணீர்த் தொட்டியின் வேலையை ஊசிக் குழாயிடம் ஒப்படைப்பது போன்றது. போதாததற்கு, பின் தருவது 3.3 வோல்ட், மாட்யூல்களில் பல எதிர்பார்ப்பது 5 வோல்ட்.

கட்டுரையாளர் எழுதியது முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்லமாட்டேன். டிஎஸ்18பி20 போன்ற வெப்ப உணரி வேலை செய்யும்போது 1.5 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுப்பதில்லை. அப்படிப்பட்ட ஒன்றை ஜிபிஐஓ பின்னிலிருந்தே நேராக இயக்கலாம், நானும் இயக்கியிருக்கிறேன். அவர் அத்தகைய உணரியில் செய்து பார்த்துவிட்டு, எல்லா மாட்யூலுக்கும் அது பொருந்தும் என்று எழுதிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

இனி, எதற்காக அணைக்க வேண்டும் என்ற கேள்வி. மாட்யூல் தன்பாட்டுக்கு 5 வோல்ட் பின்னில் கிடக்கட்டும், போர்டை அணைக்கும்போது அதுவும் அணைந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நடக்காது. ராஸ்பெர்ரி பையின் 2ஆம், 4ஆம் பின்கள் மின்சாரம் உள்ளே வரும் வழியோடு நேராக இணைந்தவை. இயக்குதளத்தை முறைப்படி மூடிய பிறகும், அடாப்டர் செருகியிருக்கும் வரை அவற்றில் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். 2023இல் வந்த ஐந்தாம் தலைமுறைப் போர்டில், போர்டு உறங்கும்போது 5 வோல்ட் இருக்கவும் 3.3 வோல்ட் இல்லாமல் போகவும் கூடிய நிலையே உண்டு; அதே ஆண்டின் இறுதியில் வெளியான ஹேட் பிளஸ் விதிமுறை, மேலே பொருத்தும் போர்டுகள் இந்த நிலையைத் தாங்க வேண்டும் என்று தனியாகவே கேட்கிறது. ஆகவே மாட்யூலின் மின்சாரத்தை நாமே ஒரு சுவிட்ச் வைத்துக் கட்டுப்படுத்துவது நியாயமான தேவை. பின் ஆணையை மட்டும் தர வேண்டும். மின்சாரம் வேறு வழியில், அந்த ஆணையின்படி மின்னோட்டத்துக்கு மடை போலத் திறந்து மூடும் மோஸ்ஃபெட் என்ற ஒரு டிரான்சிஸ்டர் வழியாக வர வேண்டும்.

இங்கேதான் அடுத்த பள்ளம் காத்திருக்கிறது. எல்லோரும் முதலில் கையிலெடுப்பது என்-சேனல் மோஸ்ஃபெட்டை. அதை மாட்யூலின் கிரவுண்ட் வயரின் குறுக்கே வைத்து, அதன் கட்டுப்பாட்டு முனையான கேட்டை ஜிபிஐஓ பின்னில் இணைத்தால் வேலை முடிந்துவிடுகிறது. எல்இடி பட்டைக்கும் மின்விசிறிக்கும் சிறு மோட்டாருக்கும் இது மிகச் சரியான முறை. அப்போதும் 3.3 வோல்ட்டிலேயே முழுமையாகத் திறக்கும் மோஸ்ஃபெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; ஐஆர்எஃப்540 போன்ற பழைய வகைகள் கேட்டில் 10 வோல்ட்டை எதிர்பார்ப்பவை, 3.3 வோல்ட்டுக்கு அரைக்கண் மட்டுமே திறந்து, சூடாகிக் கிடக்கும். ஆனால் போர்டோடு சிக்னல் வயர்களால் பிணைந்திருக்கும் ஒரு மாட்யூலின் கிரவுண்டை அறுப்பது தவறு. நான் அதைத்தான் செய்தேன்.

ஜிபிஎஸ் மாட்யூல் ஒன்றை இப்படி இணைத்து, நிரலில் அணைக்கச் சொன்னேன். மாட்யூலின் சிவப்பு எல்இடி அணையவில்லை, மங்கியது, அவ்வளவுதான். இருட்டில் பார்த்தால் தணல் போலத் தெரிந்தது. மோஸ்ஃபெட் கெட்டுவிட்டது என்று எண்ணி இன்னொன்றை சாலிடர் செய்தேன், அதே தணல். மோஸ்ஃபெட்டையே கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் அணையவில்லை. சிக்னல் வயர்கள் இரண்டையும் பிடுங்கிய பிறகுதான் எல்இடி அணைந்தது. நடந்தது இதுதான்: கிரவுண்ட் அறுந்ததும் மாட்யூலின் உள்கிரவுண்ட் மேலே மிதக்கத் தொடங்குகிறது, 5 வோல்ட் வயர் வழியாக உள்ளே வந்த மின்னோட்டம், வெளியேறும் வழி அடைபட்டதால், மாட்யூலின் சிக்னல் பின்கள் வழியாகப் போர்டுக்குள் இறங்கி, போர்டின் கிரவுண்டைப் போய்ச் சேருகிறது. மடையை அடைத்தால் நீர் வரப்பில் பொத்துக்கொள்வதைப் போல. 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காத பின்னில் அதற்கு மேற்பட்ட மின்னழுத்தம் ஏறவும் இதில் வாய்ப்பு உண்டு. எனக்கு அந்த முறை ஒரு பின் போயிற்று.

ஆகவே கிரவுண்டைத் தொடாமல், 5 வோல்ட் வயரைத்தான் அறுக்க வேண்டும். அதற்கு பி-சேனல் மோஸ்ஃபெட் வேண்டும்: மின்சாரம் நுழையும் முனையான சோர்ஸ் 5 வோல்ட்டில், வெளியேறும் முனையான டிரெயின் மாட்யூலில். இதன் கேட்டை சோர்ஸை விடக் கீழே இழுத்தால் திறக்கும். சோர்ஸுக்குச் சமமாக ஏற்றினால் மூடும். கேட்டை நேரே ஜிபிஐஓ பின்னில் இணைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பின் பூஜ்ஜியத்தில் இருக்கும்போது மோஸ்ஃபெட் நன்றாகவே திறக்கிறது. மூடுவதற்காகப் பின்னை உயர்த்தினால் அது 3.3 வோல்ட் வரைதான் உயரும். சோர்ஸ் 5 வோல்ட்டில் இருப்பதால் இடையில் 1.7 வோல்ட் மிஞ்சும். ஏஓ3401 போன்ற மோஸ்ஃபெட்டுக்குத் திறக்கத் தொடங்க 1.3 வோல்ட்டே அதிகம். எனவே அது மூடவே மூடாது. ஆன் ஆகிறது, ஆஃப் ஆகவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த 1.7 வோல்ட்டில் பிறந்தவை.

தீர்வு, நடுவில் இன்னொரு டிரான்சிஸ்டர். பிசி547 போன்ற சாதாரண என்பிஎன் டிரான்சிஸ்டரின் எமிட்டரை கிரவுண்டிலும், கலெக்டரை மோஸ்ஃபெட்டின் கேட்டிலும் இணைத்து, பேஸுக்கு ஜிபிஐஓ பின்னிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக வயர் தர வேண்டும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 10 கிலோ ஓம். பின் உயர்ந்தால் டிரான்சிஸ்டர் கேட்டைத் தரைக்கு இழுக்கிறது, மாட்யூலுக்கு 5 வோல்ட் போகிறது. பின் இறங்கினால் 10 கிலோ ஓம் கேட்டை முழு 5 வோல்ட்டுக்கு ஏற்றிவிடுகிறது, மோஸ்ஃபெட் ஐயமின்றி மூடுகிறது. பின்னிலிருந்து போவது அரை மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். 5 வோல்ட் எந்த வகையிலும் பின்னை எட்டுவதில்லை. ஏஓ3401இன் தடை திறந்த நிலையில் சுமார் 0.06 ஓம் என்பதால், 1 ஆம்பியர் ஓடினாலும் 60 மில்லி வோல்ட்தான் இழப்பு. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: மோஸ்ஃபெட்டுக்குள் இயல்பாகவே ஒரு டையோடு இருக்கிறது. மாட்யூலுக்குத் தனி பேட்டரியோ யூஎஸ்பி வயரோ இருந்தால், மின்சாரம் அந்த டையோடு வழியாகத் தலைகீழாகப் போர்டுக்குள் வரும். அப்படிப்பட்ட மாட்யூலுக்கு இரண்டு மோஸ்ஃபெட்டுகளை எதிரெதிராக வைக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு நிமிர்ந்தபோதும் என் மேசையில் அந்த எல்இடி அணையவில்லை. முன்பைவிட மங்கலாக இருந்தது, ஆனால் இருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், அணைத்த மாட்யூலின் மின்பின்னில் 2.1 வோல்ட்.

இந்த 2.1 வோல்ட் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் கட்டுரையாளர் அடுத்த முறை விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் இதைச் சொல்லும் வழிகாட்டிகள் மிகக் குறைவு. போர்டும் மாட்யூலும் தரவைப் பரிமாறிக்கொள்ளும் சீரியல் இணைப்பில், அனுப்ப எதுவும் இல்லாதபோது போர்டின் அனுப்பும் பின் சும்மா இருப்பதில்லை. உயர்ந்த நிலையில், அதாவது 3.3 வோல்ட்டில், நின்றுகொண்டிருக்கும். மாட்யூலில் உள்ள சிப்பின் பெரும்பாலான பின்களில், நிலைமின்னிலிருந்து காக்க, அதன் மின்வழியை நோக்கி ஒரு டையோடு வைத்திருப்பார்கள். மாட்யூலின் மின்வழி பூஜ்ஜியத்தில் இருக்கும்போது 3.3 வோல்ட் அந்தக் காவல் டையோடு வழியாகக் கொல்லைப்புறமாக நுழைந்து, அரை வோல்ட்டுக்கு மேல் இழந்து, மாட்யூலின் மின்வழியை நிரப்புகிறது. பல உணரிகள் இரண்டே வயர்களைப் பகிர்ந்துகொள்ளும் ஐ2சி இணைப்பிலும் இதே கதை: ராஸ்பெர்ரி பையின் அந்த இரண்டு வயர்களிலும் 3.3 வோல்ட்டை நோக்கி 1.8 கிலோ ஓம் தடைகள் போர்டிலேயே நிலையாக சாலிடர் செய்யப்பட்டிருக்கின்றன. அவை வழியாக வயருக்கு ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் கசியலாம். கசிவது மட்டுமன்றி, அணைந்த மாட்யூல் அந்த வயர்களைக் கீழே இழுத்துப் பிடித்துவிட்டால், அதே வயரில் இருக்கும் மற்ற உணரிகளும் வாயடைத்துப் போகும்.

ஒரு மங்கலான எல்இடி எரிந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். மின்சாரம் வீணாவது சிறு இழப்புதான். பெரிய இழப்பு வேறு: மாட்யூல் சாகவும் இல்லை, உயிரோடும் இல்லை. அதன் சிப் தன்னை மீட்டமைத்துக்கொள்ள, மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்க வேண்டும். 2 வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு மீண்டும் 5 வோல்ட்டுக்கு ஏறினால், சில சிப்புகள் அதைப் புதுத் தொடக்கம் என்று எடுத்துக்கொள்வதில்லை. உறைந்துபோன மோடத்தை எழுப்பத்தான் பலர் இந்த சுவிட்சையே வைக்கிறார்கள்; அணைத்து ஏற்றியும் அது உறைந்தே கிடக்கும்போது, நிரலையும் சிம் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள்.

செய்ய வேண்டியது வரிசையைக் கடைப்பிடிப்பது. அணைக்கும் முன் நிரல் சீரியல் இணைப்பை மூடி, மாட்யூலுக்குப் போகும் ஒவ்வொரு பின்னையும் உள்ளீடாக மாற்றிக் கீழே இழுத்து வைக்க வேண்டும். அதன் பிறகுதான் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஏற்றும்போது தலைகீழ் வரிசை: முதலில் மின்சாரம், பிறகு சிக்னல். நிலையான தடைகள் உள்ள ஐ2சி வயர்களில் இது உதவாது. அங்கே மாட்யூலின் மின்சாரத்தோடு சேர்ந்தே அந்த வயர்களையும் துண்டிக்கும் சுவிட்ச் சிப்பை இடையில் வைக்க வேண்டியிருக்கும். ஒரே திசையில் போகும் வயராக இருந்தால், மின்சாரம் இல்லாதபோது பின்களில் மின்னோட்டத்தை ஏற்காத 74எல்விசி குடும்பத்து பஃபர் (சிக்னலை வாங்கி மறுபுறம் தரும் சிப்) போதும். என் ஜிபிஎஸ் மாட்யூலில் வரிசையை மாற்றியதிலேயே 2.1 வோல்ட் 0.1க்கு வந்துவிட்டது. இதே நோய்க்கு மறுமுகமும் உண்டு: மாட்யூல் ஏறியிருந்து போர்டு அணைந்திருந்தால், போர்டின் பின்கள் வழியாக அதற்குள் மின்சாரம் புகும். பீகிள்போன் பிளாக் போர்டின் கையேடு, போர்டுக்கு மின்சாரம் வருமுன் அதன் பின்களில் எதையும் ஏற்றக்கூடாது என்று கண்டிப்பாகவே எச்சரிப்பது இதனால்தான்.

அடுத்தது, நிரல் விழிப்பதற்கு முன் உள்ள அந்தச் சில விநாடிகள். போர்டு தொடங்கும்போது ஜிபிஐஓ பின்கள் உள்ளீடுகளாக இருக்கும். ராஸ்பெர்ரி பையின் முதல் நான்கு தலைமுறைகளில் 0 முதல் 8 வரையிலான ஜிபிஐஓக்கள் மேல்நோக்கியும், 9 முதல் 27 வரையிலானவை கீழ்நோக்கியும் மெலிதாக இழுக்கப்பட்டிருக்கும் (இவை ஜிபிஐஓ எண்கள், வரிசையில் பின்னின் இட எண்கள் அல்ல). ஜிபிஐஓ 4ஐ சுவிட்சுக்குத் தேர்ந்தெடுத்தால், போர்டு தொடங்கும் ஒவ்வொரு முறையும் மாட்யூல் தேவையில்லாமல் எழும்பக்கூடும். 17ஐயோ 23ஐயோ தேர்ந்தெடுத்தால் அமைதியாக இருக்கும். ஜிபிஐஓ 14ஐத் தொடவே வேண்டாம். சீரியல் கன்சோல் இயக்கத்தில் இருந்தால் தொடக்கச் செய்திகள் அதன் வழியாகத்தான் வெளியே போகும், சுவிட்ச் படபடவென்று அடித்துக்கொள்ளும். கீழ்நோக்கி இழுக்கப்பட்ட பின்னைத் தேர்ந்தெடுத்து, டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 47 கிலோ ஓம் வைத்துவிட்டால் இன்னும் உறுதி; மேல்நோக்கி இழுக்கப்பட்ட பின்னுக்கு அது மட்டும் போதாது. நிரல் முடியும் நேரத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. பைத்தானில் பரவலாகப் பயன்படும் ஜிபிஐஓ ஜீரோ போன்ற நூலகங்கள், நிரல் முடிந்ததும் தாம் பயன்படுத்திய பின்களை உள்ளீடாக மாற்றிவிட்டுத்தான் விடைபெறும். மாட்யூலை ஏற்றிவிட்டு நிரல் முடிந்துபோனால் மாட்யூலும் அணைந்துவிடும். இது குறையன்று, நல்ல வழக்கம்தான், தெரிந்திருந்தால் போதும்.

இனி, என்னை ஒரு வாரம் அலைக்கழித்த சிக்கலுக்கு வருகிறேன். மோடம் மாட்யூலை ஏற்றும் ஒவ்வொரு முறையும் போர்டு தானாகவே மறுதொடக்கம் ஆயிற்று. நிரலில் எங்கோ பிழை என்று வரிவரியாகத் தேடினேன். நிரலில் பிழையே இல்லை. அந்த மாட்யூலின் முகப்பில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று இருந்தது. வெறுமையாக இருக்கும் மின்தேக்கி, சுவிட்ச் திறந்த கணத்தில் ஏறக்குறைய குறுக்குச்சுற்றாகவே நடந்துகொள்ளும். அதை 5 வோல்ட் வரை 100 மைக்ரோ விநாடியில் நிரப்ப வேண்டுமானால் 23 ஆம்பியருக்கு மேல் தேவை. எந்த அடாப்டரும் அதைத் தராது. அதனால் போர்டுக்கும் மாட்யூலுக்கும் பொதுவான 5 வோல்ட் ஒரு கணம் பாதாளத்துக்குப் போகிறது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தாலே ராஸ்பெர்ரி பை மின்குறை எச்சரிக்கை தரும். இன்னும் கீழே போனால் மறுதொடக்கம்தான். அந்நேரம் மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருந்தால் கோப்புகள் சிதையும். யூஎஸ்பி விதிமுறை, செருகப்படும் கருவியின் முகப்பு மின்தேக்கி 10 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியதற்கு இதுவே காரணம்.

அதே மின்தேக்கியை 5 மில்லி விநாடி எடுத்துக்கொண்டு நிரப்பினால் அரை ஆம்பியர்கூடத் தேவைப்படாது. ஆகவே மோஸ்ஃபெட்டை மெதுவாகத் திறக்க வேண்டும்: கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 1 மைக்ரோஃபாரட், கலெக்டருக்கும் கேட்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம், முன்பு சொன்ன மேலிழுக்கும் தடையை 100 கிலோ ஓம் ஆக்குவது. கேட் சில மில்லி விநாடிகளில் படிப்படியாக இறங்கும். மூடுவதும் சற்றுத் தாமதமாகும், அதனால் பாதகமில்லை. இவ்வளவு உதிரிகளைக் கோத்துக்கொண்டிருக்க விரும்பாதவர்களுக்கு லோடு சுவிட்ச் என்றே தனியாக விற்கும் சிறு சிப்புகள் உள்ளன. டிபிஎஸ்22918 என்பது அவற்றில் ஒன்று: 5.5 வோல்ட், 2 ஆம்பியர் வரை தாங்கும், 3.3 வோல்ட் பின்னின் ஆணையை நேராகவே ஏற்கும். எவ்வளவு மெதுவாகத் திறக்க வேண்டும் என்பதை ஒரு மின்தேக்கியால் அமைத்துக்கொள்ளலாம். மூடிய பிறகு மாட்யூலில் தேங்கியிருக்கும் மின்சாரத்தைத் தானே வடித்தும் விடும். இன்று புதிதாகத் தொடங்கினால் நான் இதைத்தான் எடுப்பேன். டிரான்சிஸ்டரும் மோஸ்ஃபெட்டும் கோப்பது கற்றுக்கொள்ள நல்லது. நாள்தோறும் ஓட வேண்டிய கருவிக்கு லோடு சுவிட்ச் நல்லது.

ரிலேயைப் பற்றியும் ஒரு சொல். டக் என்ற ஓசையோடு முழுமையாகத் துண்டிக்கும் என்பதால் பலருக்கு அதில் நம்பிக்கை. ஆனால் 5 வோல்ட் ரிலேயின் சுருள் மட்டுமே 70 மில்லி ஆம்பியர் அளவுக்கு உண்ணும். 50 மில்லி ஆம்பியர் மாட்யூலை அணைக்க 70 மில்லி ஆம்பியர் சுவிட்ச் வைப்பது சிக்கனமாகாது. பின் இறங்கும்போது ஏறும் வகை ரிலே போர்டுகளில் மேலே சொன்ன அதே 1.7 வோல்ட் தகராறும் வரும். சிக்னல் வயர் வழிக் கசிவையும் ரிலே தடுக்காது.

யூஎஸ்பியில் செருகும் மோடம்களை நிரல் மூலமே அணைக்கலாம் என்பது ஓரளவுக்கே உண்மை. பல ஹப்கள் தரவை மட்டும் நிறுத்திவிட்டு மின்சாரத்தை ஓடவிடுகின்றன. சில போர்டுகளில் எல்லா யூஎஸ்பி வாய்களும் ஒரே சுவிட்சின் கீழ் இருப்பதால், ஒன்றை அணைத்தால் விசைப்பலகையும் சேர்ந்து போகும்.

மின்சாரத்தை அறுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மாட்யூலில் ஏற்கெனவே ஓர் உறக்கப் பின் இருக்கிறதா? இஎஸ்பி8266 போன்றவற்றில் இயக்கு-நிறுத்து பின் உள்ளது; ஆழ்ந்த உறக்கத்தில் அந்தச் சிப் எடுப்பது 20 மைக்ரோ ஆம்பியர் அளவே. ஜிபிஎஸ் மாட்யூலை முற்றாக அணைத்தால் அது செயற்கைக்கோள்களின் பாதைக் கணக்கை மறந்துவிடுகிறது. திறந்த வானத்தின் கீழும் மீண்டும் இடத்தைக் கண்டறிய அரை நிமிடம் ஆகும். அதன் காப்புப் பின்னுக்கு ஒரு சிறு பேட்டரி கொடுத்து வைத்தால், இடைவெளி நீளாதவரை, ஓரிரு விநாடிகளில் எழுந்துவிடும். மோடத்தையோ, முதலில் கட்டளை தந்து வலையமைப்பிலிருந்து விடைபெறச் செய்து, அது முடிந்ததாகச் சொன்ன பிறகே அறுக்க வேண்டும்.

கணக்கும் பார்த்துவிடுவது நல்லது. 5 வோல்ட்டில் 60 மில்லி ஆம்பியர் எடுக்கும் மாட்யூல் நாள் முழுதும் ஓடினால் 7.2 வாட்-மணி; மணிக்கு மூன்று நிமிடம் மட்டும் ஓடினால் 0.36 வாட்-மணி. சூரியத் தகட்டில் ஓடும் கருவிக்கு இந்த வேறுபாடு பெரிது. ஆனால் அதே கருவியில் சும்மா இருக்கும்போதே 3 வாட் உண்ணும் போர்டு இருந்தால் அது ஒரு நாளைக்கு 72 வாட்-மணி. போர்டை அப்படியே ஓடவிட்டு மாட்யூலை மட்டும் அணைத்து மகிழ்ந்த காலம் எனக்கும் இருந்தது.

இத்தொடரின் அடுத்த பகுதியில், சென்ற வாரத்து இரண்டு வரிகளுக்குத் திருத்தமும், மேலே சொன்ன சுற்றின் படமும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படத்தின் கீழே சோதிக்கும் முறையையும் சேர்த்தால் வாசகர்களுக்கு உதவும்: மாட்யூலை அணைத்துப் பத்து விநாடி கழித்து, அதன் மின்பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கட்டும், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், சிக்னல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எந்த வயரைக் கழற்றும்போது எண் விழுகிறது என்று குறித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்